தலைவெட்டிக் கோயில்

இக்கட்டுரை பிரீமேசன் சங்கக் கட்டடங்களுக்கு வழங்கிய பேச்சுப்பெயர் பற்றியது. சேலம் பெரியேரியில் உள்ள தலைவெட்டி முனியப்பன் கோயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்குள்ள சிலை புத்தருடையது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது.

தலைவெட்டிக் கோயில் என்பது, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்திய ஊர்களில் பிரீமேசன் எனப்படும் சகோதரத்துவச் சங்கத்தினர் கூடிய கட்டடத்துக்குப் பொதுமக்கள் இட்டு வழங்கிய பெயர் ஆகும். புதிதாகச் சேருபவரின் தலையை வெட்டிப் பின்னர் அதை மீண்டும் பொருத்தும் சடங்கு உள்ளே நடைபெறுகிறது என்ற நம்பிக்கையே இப்பெயருக்குக் காரணம். அச்சங்கத்தில் அவ்வாறான சடங்கு கிடையாது. எனினும் சங்கத்தின் உண்மையான சடங்குகளில் வாளும், மண்டையோடும், இறந்து மீண்டெழும் ஒரு நாடகமும் உள்ளன. வெளியிலிருந்தவர்களுக்கு எட்டிய இத்துண்டுச் செய்திகளே ஒன்றுசேர்ந்து இக்கதையாயின எனக் கருத இடமுண்டு.

பெயர்

இப்பெயர் ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில் பதிவாகியுள்ளது. ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் ஆகியோர் தொகுத்த இந்நூல் 1886-ல் வெளிவந்தது. வில்லியம் குரூக் விரிவுபடுத்திய பதிப்பு 1903-ல் வந்தது. நூலில் ரோமன் எழுத்தில் 'தலை-வெட்ட-கோவில்' என்று ஒலிக்குமாறு இச்சொல் எழுதப்பட்டுள்ளது. தமிழ் வழக்குக்கேற்ப அதைத் தலைவெட்டிக் கோயில் எனக் கொள்ளலாம்.

தொகுப்பாசிரியருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தஞ்சை அரண்மனையிலிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அவர் வகுத்த அட்டவணை 1880-ல் வெளியானது. சரசுவதி மகால் நூலகச் சுவடிகளை ஆராய்பவர்கள் இன்றும் அவர் பெயரைச் சந்திக்கின்றனர். யூலின் பெருந்தொகுப்பில் தென்னிந்தியச் சொற்கள் இவ்வளவு இடம்பெற்றமைக்குப் பர்னெலின் உழைப்பு முக்கியக் காரணமாகும். நூல் அச்சேறுவதற்கு முன்பே, 1882-ல், அவர் காலமானார்.

வட இந்தியாவில் இதே கட்டடத்துக்கு 'ஜாது கர்', அதாவது மந்திர வீடு, என்ற பெயர் வழங்கியது. ரட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்' புதினத்தில் (1901) இச்சொல் இடம்பெறுகிறது. கிப்ளிங் தாமே லாகூரில் 1886-ல் இச்சங்கத்தில் சேர்ந்தவர். மும்பைப் பக்கம் 'சைத்தான் கானா' என்றும் சொல்லப்பட்டது. இவற்றோடு ஒப்பிடுகையில் தமிழ்ப்பெயர் மிகவும் திட்டவட்டமானது. மற்ற பெயர்கள் உள்ளே ஏதோ மாயம் நடக்கிறது என்று மட்டும் கூற, தமிழ்ப்பெயர் என்ன நடக்கிறது என்பதையே கூறிவிடுகிறது.

பெயரின் பிற்பாதி தவறானதன்று. பிரீமேசன்கள் தாம் கூடும் அரங்கை எருசலேமில் சாலமோன் அரசன் எழுப்பிய ஆலயத்தின் அடையாளமாகக் கொண்டு 'ஆலயம்' என்றே அழைக்கின்றனர். 'கோயில்' என்பது அதன் நேர் மொழிபெயர்ப்பே.

கிளைச் சங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'லாட்ஜ்' ஆகும். இதுவும் குழப்பம் தரக்கூடியது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ லாட்ஜ் என்றால் பயணிகள் அறை எடுத்துத் தங்கும் விடுதி என்றே பொருள்படும். இடைக்கால ஐரோப்பாவில் கல்தச்சர்கள் வேலையிடத்தில் அமைத்துக்கொண்ட கொட்டகைக்கு இப்பெயர் இருந்தது. சங்கம் அதை எடுத்துக்கொண்டது.

சங்கத்தின் தோற்றம்

பிரீமேசன் சங்கம் பிரித்தானியத் தீவுகளில் கட்டடக் கொத்தர்களின் தொழிற்குழுக்களை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் தொழிலாளரல்லாத கனவான்கள் இக்குழுக்களில் சேரத் தொடங்கினர். லண்டனில் மாபெரும் சங்கம் 1717-ல் அமைந்தது என்பது மரபான கணக்கு. 1721-தான் சரியான ஆண்டு எனச் சில வரலாற்றாய்வாளர் அண்மையில் வாதிட்டுள்ளனர். ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல் 1723-ல் வெளிவந்தது.

கவராயம், மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு முதலிய கொத்தனார் கருவிகள் இங்கு ஒழுக்கக் குறியீடுகளாகப் பயன்படுகின்றன. மூலைமட்டம் நேர்மையான நடத்தையையும், ரசமட்டம் மனிதர் யாவரும் சமம் என்பதையும் குறிக்கும். உறுப்பினர் பயிலுநர், துணைத்தொழிலர், ஆசான் என்ற மூன்று படிகளைக் கடக்கின்றனர். ஒவ்வொரு படிக்கும் தனிச்சடங்கும் உறுதிமொழியும் உண்டு.

காவிரிப் பகுதியில்

வணிகக் கம்பெனியின் அலுவலர்களும் படை அதிகாரிகளும் இச்சங்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். கல்கத்தாவில் 1730 அளவிலும் சென்னையில் 1752-லும் கிளைகள் அமைந்தன. காவிரிக் கழிமுகத்தின் தலைப்பில் அமைந்த திருச்சிராப்பள்ளி பெரும் படைத்தளமாக விளங்கியதால் அங்கும் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிளை செயற்பட்டது.

அக்கிளையில்தான் இந்திய பிரீமேசன் வரலாற்றின் குறிப்பிடத்தக்க நிகழ்வு ஒன்று நடந்தது. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமாரா 1770-களின் நடுப்பகுதியில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். இச்சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர் என இவரே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். செய்தியறிந்த இங்கிலாந்து மாபெரும் சங்கம், சர் ஜான் டே என்பவர் வழியாக, அழகுபடுத்தப்பட்ட ஏப்ரன் எனும் முன்துணியையும் சட்டநூல் பிரதியையும் அவருக்குப் பரிசாக அனுப்பியது. அவர் பாரசீக மொழியில் நன்றி மடல் வரைந்து அனுப்பினார்.

இந்நிகழ்வின் காலம் கவனிக்கத்தக்கது. 1773-ல் நவாபு, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைக் கைப்பற்றி மராத்திய மன்னர் துளசாவைச் சிறைப்படுத்தினார். 1776-ல்தான் நாடு துளசாவுக்குத் திரும்பக் கிடைத்தது. கம்பெனி அதிகாரிகளும் நவாபு குடும்பத்தாரும் தோளோடு தோள் நின்று 'சகோதரர்' என அழைத்துக்கொண்ட ஆண்டுகளும், தஞ்சை விவசாயிகள் அவ்விருவரின் வரிச்சுமையால் துன்புற்ற ஆண்டுகளும் ஒன்றே. மூடிய கதவுக்குப் பின்னால் ஆட்சியாளர்கள் கூடுவதைச் சாதாரண மக்கள் ஐயத்துடன் நோக்கினர் என்றால் அதில் வியப்பில்லை. உம்தத்துல் உமாரா 1795-ல் நவாபாகி 1801-ல் இறந்தார். அவர் இறந்தவுடன் கம்பெனி கர்நாடகத்தின் ஆட்சியைத் தன்வசமாக்கிக்கொண்டது. சங்கச் சகோதரத்துவம் அவர் குடும்பத்தின் அரசுரிமையைக் காப்பாற்றவில்லை.

தலை வெட்டும் கதையின் மூலங்கள்

கதைக்கு ஒரே மூலத்தைக் காட்ட இயலாது. ஆனால் அதற்கு வாய்ப்பளித்த கூறுகளை அடையாளம் காணலாம்.

முதலாவது வாயிற்காவலர். கூட்டம் நடக்கையில் உருவிய வாளுடன் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்பது சங்கத்தின் விதி. உறுப்பினரல்லாதார் உள்ளே நுழையாதவாறு காப்பது அவர் கடமை. தெருவில் செல்பவரின் கண்ணுக்குப் படக்கூடியது பெரும்பாலும் இவர் ஒருவரே. மாலை வேளையில் மூடிய கட்டடம், வாசலில் வாளேந்திய மனிதர், உள்ளே அழைத்துச் செல்லப்படும் புதியவர் என்ற காட்சியிலிருந்து மீதிக் கதையை எவரும் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது உறுதிமொழி. இரகசியத்தை வெளியிடுபவர் அடையும் தண்டனையாகக் கழுத்தறுபடுதல் முதலிய கொடூரங்கள் பழைய உறுதிமொழி வாசகங்களில் கூறப்பட்டிருந்தன. இவை எவர்மீதும் செயற்படுத்துவதற்கான விதிகளல்ல, அக்கால வழக்கப்படி ஆணையின் கடுமையைக் காட்டும் சொற்களே என்பது சங்கத்தாரின் விளக்கம். இச்சொற்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே அச்சு நூல்கள் வழி வெளியே தெரிந்திருந்தன. வெளியுலகின் தொடர்ந்த விமர்சனத்தால் இங்கிலாந்து ஐக்கிய மாபெரும் சங்கம் 1986-ல் இத்தண்டனைகளை உறுதிமொழியிலிருந்து நீக்கியது. ஆக, தலைவெட்டுக் கதையில் மெய்யான சொல் ஒன்று இருந்தது. மெய்யான செயல் மட்டும் இல்லை.

மூன்றாவதும் மிக நெருக்கமானதும் ஆசான் படிக்குரிய சடங்கு ஆகும். சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைக் கலைஞர் ஈராம் அபிப், தொழில் இரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் மூன்று வேலையாட்களால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது அங்கு நடிக்கப்படும் கதை. இறுதி அடி தலையில் விழுகிறது. புதிய உறுப்பினரே ஈராமாக நிற்கிறார். இறந்தவர்போல் கிடத்தப்பட்டுப் பின்னர் கைகொடுத்து எழுப்பப்படுகிறார். மண்டையோட்டு உருவமும் சவப்பெட்டிப் படமும் இச்சடங்கில் இடம்பெறுவதுண்டு. ஒரு மனிதர் உள்ளே 'இறந்து' வெளியே உயிருடன் வருகிறார் என்ற செய்தி சமையற்காரர், காவற்காரர் வழியாகக் கசிந்திருந்தால், அதைக் கேட்டவர் வெட்டிய தலையை ஒட்டவைத்தார்கள் என்று விளங்கிக்கொள்வது இயல்பே.

இதற்குத் தமிழ் மண்ணில் ஏற்ற பின்னணியும் இருந்தது. கொற்றவைக்குத் தன் தலையையே அரிந்து படைக்கும் வீரனின் உருவம் பல்லவர், சோழர் காலச் சிற்பங்களில் காணப்படுகிறது. இது நவகண்டம் அல்லது அரிகண்டம் எனப்படும். மாமல்லபுரம் திரௌபதி ரதத்தில் இதன் புகழ்பெற்ற வடிவம் உள்ளது. தஞ்சாவூரை அடுத்த புள்ளமங்கைக் கோயிலின் கொற்றவை மாடத்தருகிலும் தன்னைப் பலியிடும் அடியவர் செதுக்கப்பட்டுள்ளனர். மேலும், பாலமோ பெருங்கட்டடமோ நிலைக்க நரபலி வேண்டும், அதற்காக ஆள் பிடிக்கிறார்கள் என்ற வதந்தி ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் எழுந்துள்ளது. பிள்ளைபிடிகாரன் பயம் தமிழகக் கிராமங்களில் அண்மைக்காலம் வரை நிலவியது. கொத்தர் சங்கம், கோயில், வாள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது இப்பழைய படிமங்கள் துணைக்கு வந்திருக்கலாம். நேரடித் தொடர்பை நிறுவச் சான்று இல்லை.

பெருந்தச்சரும் கொத்தரும்

'மேசன்' என்றால் கொத்தனார் என்று அறிந்தவர்கள், இச்சங்கம் பழங்காலக் கோயில் கட்டுநர்களின் வாரிசு என எண்ணுவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோரும் உளர். 1010-ல் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைக் கலைஞரின் பெயரை வெளிப்படையாகவே பொறித்துள்ளது. அவர் சார்ந்திருந்த மரபு குடும்பவழியாகவும் குலவழியாகவும் தொடர்ந்த கைத்தொழில் மரபு. சுவாமிமலையில் இன்றும் செப்புத்திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் அத்தகைய மரபினரே. 18-ஆம் நூற்றாண்டு பிரீமேசனோ கரணையைக் கையால் தொட்டறியாத வழக்குரைஞராகவோ படைத்தலைவராகவோ இருந்தார். கருவி அவருக்கு உவமை; பெருந்தச்சனுக்கு அது பிழைப்பு.

சோழர் காலத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் கணங்களையும் சிலர் இவ்வரிசையில் சேர்க்கின்றனர். உறுப்பினர்க்குள் ஒற்றுமை, அறக்கொடை, தமக்கென விருது என்ற அளவில் ஒப்புமை உண்டு. ஆனால் அக்கணங்கள் தம் முடிவுகளையும் கொடைகளையும் கோயிற் சுவரில் ஊரறியக் கல்லில் வெட்டிவைத்தன. சுமத்திராவின் லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் பெயர் காணப்படுவதும் அவ்வாறே. இவற்றுக்கும் பிரீமேசன் சங்கத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை.

சமயம் பற்றிய கருத்துகள்

இச்சங்கம் தனி மதம் என்பதும் கிறித்தவ அமைப்பு என்பதும் ஒன்றுக்கொன்று முரணான இரு தவறான எண்ணங்கள். உறுப்பினராவதற்கு ஒரு பரம்பொருளில் நம்பிக்கை வேண்டும் என்பது பெரும்பாலான கிளைகளின் விதி. எந்தச் சமயம் என்று அது கேட்பதில்லை. இந்தியக் கிளைகளில் பகவத்கீதை, குர்ஆன், விவிலியம் முதலிய பல நூல்கள் ஒருங்கே வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் தம் மறைநூலின்மீது உறுதிமொழி எடுக்கின்றனர்.

கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பை வதந்தியோடு சேர்க்கலாகாது. அது கொள்கை சார்ந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து 1738-ல் விதித்த தடை இன்றும் நீடிக்கிறது. 1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் சங்கத்தின் பெயர் இடம்பெறாததால் தடை நீங்கிவிட்டது எனச் சிலர் கருதினர். அதே ஆண்டு நவம்பரில் வத்திக்கான் தடை தொடர்வதாக அறிவித்தது, 2023-ல் மீண்டும் உறுதிசெய்தது. வேளாங்கண்ணியும் பூண்டியும் அமைந்த தஞ்சை மறைமாவட்டத்தின் கத்தோலிக்கருக்கு இச்சங்கத்தில் சேரத் திருச்சபையின் அனுமதி இல்லை.

உறுப்புரிமையும் உண்மையான குறைகளும்

கற்பனையான தலைவெட்டுக்கு மக்கள் அஞ்சிய காலத்தில், சங்கத்தின் மெய்யான குறை ஒன்று ஆவணங்களில் தெளிவாக உள்ளது. மனிதர் யாவரும் சகோதரர் எனப் போதித்த சங்கம் இந்தியரை, குறிப்பாக இந்துக்களை, நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தியது. நவாபு மகனை வரவேற்றது அரசியல் நயம். சாதாரண இந்தியருக்கு அவ்வழி திறக்கவில்லை. வங்காளத்தில் மாகாணத் தலைவரின் அனுமதியின்றி ஆசியரைச் சேர்க்கலாகாது என்ற துணைவிதியே இருந்தது. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர், சாதி காரணமாக உடனுண்ண மாட்டார் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். பிரசன்ன குமார் தத் என்ற கல்கத்தா வணிகர் 1860-களில் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, லண்டன் வரை முறையிட்டு 1872-லேயே சேர்க்கப்பட்டார். அதன்பின் கதவு அகலத் திறந்தது. நரேந்திரநாத் தத்தராக இருந்த விவேகானந்தர் 1884-ல் கல்கத்தாக் கிளை ஒன்றில் சேர்ந்தார்.

பெண்களுக்கு 1723-ஆம் ஆண்டுச் சட்டநூலே இடமளிக்கவில்லை; மரபுவழிச் சங்கங்களில் அந்நிலை இன்றும் தொடர்கிறது. பெண்களுக்குச் சங்கமே இல்லை என்பது மட்டும் தவறு. இருபாலரையும் சேர்க்கும் அமைப்பு 1893-ல் பாரிசில் தோன்றியது. அன்னி பெசண்ட் 1902-ல் அதில் சேர்ந்து அதை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரப்பினார். மரபுவழிச் சங்கங்கள் அதை அங்கீகரிப்பதில்லை.

பெசண்ட் 1907 முதல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவராகவும் இருந்தமையால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் ஏற்பட்டது. பிரம்மஞான சபை 1875-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட தனி அமைப்பு. அதன் கிளைகளுக்கும் 'லாட்ஜ்' என்ற பெயர் வழங்கியது குழப்பத்தை மிகுவித்தது. ரோட்டரி (1905), அரிமா (1917) சங்கங்களும் சில வேளை இதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அரிமா சங்கத்தை நிறுவிய மெல்வின் ஜோன்ஸ் பிரீமேசனாக இருந்தார் என்பது உண்மை; ஆனால் அவை இரகசியச் சடங்கில்லாத சேவைச் சங்கங்கள்.

உலகை ஆள்கிறார்கள் என்ற கதை

2010-களில் தமிழ் இணையவெளியில் 'இலுமினாட்டி' என்ற சொல் பெருவழக்காயிற்று. வரலாற்றில் இலுமினாட்டி என்பது ஆடம் வைசாப்ட் 1776-ல் பவேரியாவில் தொடங்கிய சிறு குழு. அவர்கள் பிரீமேசன் கிளைகளில் ஆள் சேர்த்தனர். பத்தாண்டுகளுக்குள் பவேரிய அரசு அதை ஒடுக்கியது. பின்னர் அக்குழு தொடர்ந்தது என்பதற்குச் சான்றில்லை.

அமெரிக்க ஒரு டாலர் தாளில் காணும் முக்கோணக் கண் பிரீமேசன் சின்னம் என்பது பரவலான நம்பிக்கை. அது 1782-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசு முத்திரையின் பகுதி. 1935-ல் தாளில் அச்சிடப்பட்டது. கண் என்பது அதற்கு முன்பே ஐரோப்பிய ஓவியத்தில் இறைவனின் அருட்பார்வையைக் குறித்த பொதுச் சின்னம்.

சாத்தான் வழிபாடு பற்றிய குற்றச்சாட்டின் கதை வேடிக்கையும் வேதனையும் கலந்தது. லியோ டாக்சில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1885 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பிரீமேசன்களின் பேய் வழிபாடு பற்றி நூல்கள் எழுதிக் குவித்தார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் கூட்டம் கூட்டி அனைத்தும் தாம் புனைந்தவை என அறிவித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். புனைந்தவரே மறுத்தும் அந்நூல்களின் செய்திகள் இன்றளவும் மேற்கோளாக வலம்வருகின்றன. இத்தகைய புனைவுகள் தீங்கற்றவை அல்ல. யூதரும் பிரீமேசன்களும் சேர்ந்து சதி செய்கின்றனர் என்ற பொய்யை நாசி ஜெர்மனி கையிலெடுத்துச் சங்கங்களைக் கலைத்தது, உறுப்பினர் பலரைச் சிறையிலடைத்தது. ஸ்பெயினில் பிராங்கோவின் அரசு 1940-ல் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. பாகிஸ்தானிலும் 1972-ல் தடை விதிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்

இந்தியாவில் இச்சங்கம் சட்டத்துக்கு உட்பட்டே இயங்குகிறது. இந்திய மாபெரும் சங்கம் 1961 நவம்பர் 24 அன்று புதுதில்லியில் நிறுவப்பட்டது. ராம்பூர் நவாபு சையத் ரசா அலி கான் அதன் முதல் தலைவர். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து சங்கங்களின்கீழ் நீடிக்க விரும்பிய கிளைகள் அவ்வாறே தொடர்ந்தன. தென்னிந்திய வட்டாரத்தின் தலைமையிடம் சென்னையாகும்.

சங்கம் முற்றிலும் இரகசியமானது என்பதும் சரியன்று. பிரித்தானியாவில் 1799-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கிளையும் உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் அரசு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அச்சட்டம் 1967-ல்தான் நீக்கப்பட்டது. சடங்குகளின் வாசகங்கள் பலமுறை அச்சாகியுள்ளன. உறுப்பினர்கள் வெளியே சொல்வதில்லை என ஏற்றுக்கொள்பவை பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கைகுலுக்கலும் அடையாளச் சொற்களுமே. சென்னை எழும்பூரில் கூவம் ஆற்றை ஒட்டி 1920-களில் எழுப்பப்பட்ட பெரிய தூண்களுடன் கூடிய பிரீமேசன் மண்டபம், கவராயமும் மூலைமட்டமும் பொறித்த சின்னத்துடன் சாலையில் செல்வோர் எவரும் காணும்படி நிற்கிறது.